கைநாட்டு வைக்குமுன்...

கல்வராயன் மலையிலே பிறந்தவன், கேரளத்திலே கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கால் முறிகிறது. மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். ஐயாயிரத்தைக் கையிலே திணிக்கிறார். "இனி எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்றெழுதிய தாளில் கைநாட்டு வாங்குகிறார். ஊருக்குப் பஸ் ஏற்றிவிடுகிறார். அவனும், "மகராசன், இதையாவது கொடுத்தாரே!" என்று கும்பிட்டுவிட்டு மலையேறுகிறான்.

நாம் கேட்கிறோம்: கும்பிடுவானேன்? கொடுத்தது தர்மமா, கடனா?

கடன் என்கிறது சட்டம்! வேலையிலே, வேலையின் காரணமாகக் காயமுற்றால் நட்டஈடு தரவேண்டியவர் முதலாளி என்று வெள்ளைக்காரன் ஆண்ட 1923-ஆம் ஆண்டிலேயே விதித்தாகிவிட்டது. அந்தச் சட்டமும், 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. பெயர் மாறிற்று, உரிமை மாறவில்லை.

வழி இரண்டு. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலோ வெளியூரிலோ, இ.எஸ்.ஐ. உள்ள ஆலையில் வேலையென்றால், பொறுப்பு இ.எஸ்.ஐ. கழகத்துடையது. 2019 முதல், சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் தொழிலாளியின் சந்தா. மூன்றேகால் ரூபாய் முதலாளியின் சந்தா. வேலைக்குச் சேர்ந்த அன்றே விபத்தென்றாலும் சிகிச்சை உண்டு. மூன்று நாளுக்குக் குறையாமல் முடங்கினால், சம்பளத்தில் 90 சதவிகிதம் உண்டு. உறுப்பு ஊனமானால் மாதந்தோறும் உதவித்தொகை. உயிர் போனால் குடும்பத்துக்கு உதவித்தொகை. முதலாளி சந்தா கட்டத் தவறினாலும் தொழிலாளியின் உரிமை போகாது!

இ.எஸ்.ஐ. இல்லாத இடமா? முதலாளியே பொறுப்பு. தம் தொழிலைக் காண்ட்ராக்டில் விட்டவர், "அவன் மேஸ்திரி ஆள்" என்று கைகழுவ முடியாது. வைத்தியச் செலவு வேறு, நட்டஈடு வேறு, இரண்டும் தரவேண்டும். தொழிலாளி இறந்தால், நட்டஈட்டை அதற்குரிய அதிகாரியிடம் கட்டவேண்டும்.

அந்தக் கைநாட்டுத் தாள்? உரிமையை விட்டுவிட்டதாக எழுதி வாங்கியது செல்லாது, செல்லவே செல்லாது!

"வழக்குக்காகக் கேரளத்துக்கு யார் அலைவது?" என்பீர்கள். அலைய வேண்டாம். குடியிருக்கும் பகுதிக்குரிய அதிகாரியிடமே மனுக் கொடுக்கலாம். கெடு இரண்டாண்டு. அதைத் தவறவிட்டால் வழக்கு தடுமாறும்.

தோழர்களே! கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலே கட்டுப் போட்ட காலோடு ஒருவன் இறங்கினால், "ஐயோ பாவம்" என்று நகர்ந்துவிடாதீர்கள். எந்த நாள், எந்த இடம், யாருடைய வேலை, என்ன கூலி, யார் சாட்சி என்று ஐந்தையும் கேட்டு எழுதுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மனுவோடு அவனை அழைத்துச் செல்லுங்கள்.

அவனுக்கு வேண்டியது நம் பரிதாபமல்ல; துணை!