விரும்பி வந்தாலும் குற்றமே

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். ஒரு நாள், போரில் துப்பாக்கி ஏந்தும் சிறுவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "பிடித்துக்கொண்டு போனால் தப்புதான் மாமா. பையன் தானாகவே போய்ச் சேர்ந்தால், அது எப்படி இன்னொருவர் குற்றமாகும்?"

வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் அடுத்த வாரம் சொல்கிறேன் என்று நேரம் வாங்கிக்கொண்டேன். தேடிப் படித்ததை இங்கே தருகிறேன்.

ஹேக் நகரில் உள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம், 1998-ல் ரோம் நகரில் ஏற்கப்பட்ட ஒப்பந்தத்தால் உருவானது. 15 வயது நிரம்பாதவர் விஷயத்தில் மூன்று செயல்களை அந்த ஒப்பந்தம் போர்க்குற்றம் என்கிறது. கட்டாயப்படுத்திப் படையில் சேர்ப்பது ஒன்று. தானாக வந்தவரைச் சேர்த்துக்கொள்வது இரண்டு. சண்டையில் ஈடுபடுத்துவது மூன்று. மாணவன் கேட்டதற்கு விடை அந்த இரண்டாவதில் இருக்கிறது.

அந்த நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே இக்குற்றத்துக்குத்தான். காங்கோவின் வடகிழக்கில் இதூரி என்ற பகுதியில் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் நடந்த சண்டையில் ஒரு படைக்குத் தலைவராக இருந்தவர் தாமஸ் லுபாங்கா. ருவம்பாரா பயிற்சி முகாமில் அவர் பேசியபோது எடுத்த வீடியோவில், பார்த்தாலே 15 வயதுக்குக் குறைந்தவர்கள் என்று தெரியும் பிள்ளைகள் நின்றார்கள். சிறுவர் படையில் இருந்ததாகச் சாட்சி சொன்ன பலரின் வாக்குமூலத்தை ஏற்காத நீதிபதிகள், அந்த வீடியோவை ஏற்றார்கள். 2012 மார்ச் 14-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. தண்டனை 14 ஆண்டு. அது முடிந்து 2020-ல் விடுதலையானார்.

பிள்ளை சம்மதித்தான் என்ற வாதம் எடுபடாது என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது. நமக்கு இது புதிதல்ல. கல்கத்தா வழக்கொன்றில், மைனர் எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம் செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. வீட்டை அடகு வைக்கவே செல்லாத சம்மதம், உயிரை அடகு வைக்கச் செல்லுமா? பெற்றோரை இழந்து, பசியோடும் பழிவாங்கும் வெறியோடும் வரும் பிள்ளையின் விருப்பத்தை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

இது ஆப்பிரிக்கக் கதை மட்டுமல்ல. இலங்கைப் போரில் விடுதலைப் புலிகளும், பின்னர் பிரிந்த கருணா குழுவும் சிறுவர்களைச் சேர்த்ததை யூனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. ஆனால் இலங்கையும் இந்தியாவும் ரோம் ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆயுதக் குழுக்கள் 18 வயதுக்குக் குறைந்த எவரையும் சேர்க்கக்கூடாது என்னும் 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2005-ல் ஏற்றது. மத்திய அரசு அறிவித்த தீவிரவாதக் குழு சிறுவரைச் சேர்த்தால், 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு என்கிறது நமது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்.

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் சொன்னேன். "அப்போ அந்தப் பையனை என்ன செய்வார்கள் மாமா?" என்றான். குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாத எவரையும் அந்த நீதிமன்றம் விசாரிக்காது என்றேன். கூண்டில் நிற்க வேண்டியவர், அவனைத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொண்ட பெரியவர்தான்.