மெதுவாக ஓடினால் வேகம் கூடுமா?

அரை மாரத்தானின் தூரம் 21.0975 கிலோமீட்டர். போன முறை 2 மணி 10 நிமிடத்தில் முடித்தவர் இம்முறை 2 மணியில் முடிக்க வேண்டுமானால், கிலோமீட்டருக்குச் சுமார் 28 விநாடி மிச்சம் பிடிக்க வேண்டும். அதற்குத் தினமும் மூச்சிரைக்க ஓட வேண்டியதில்லை.

ஏன்?

வேகம் கூடக் கூட, தசைகள் சர்க்கரையை அதிகம் எரிக்கின்றன; லாக்டேட் உருவாகிறது. ஓரளவு வரை உடல் அதையும் எரிபொருளாக்கிக்கொள்ளும். ஒரு வேகத்தைத் தாண்டினால், தீர்வதைவிடச் சேர்வது அதிகமாகிவிடும். அதற்கு மேல் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. இந்த எல்லையை உயர்த்துவதுதான் பயிற்சியின் வேலை.

எப்படி?

பக்கத்தில் வருபவரோடு கதை பேசிக்கொண்டே ஓடும் நிதான ஓட்டம்தான் அடித்தளம். வாரக்கணக்கில் இப்படி ஓடினால் தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகும், தந்துகிகள் கூடும், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளும். வாரம் ஒருநாள், நாலைந்து சொற்களுக்கு மேல் பேச வராத வேகத்தில் 20 நிமிடம் ஓடுவது எல்லையை நேரடியாக மேலே தள்ளும்.

பந்தயத்தன்று?

முதல் 3 கிலோமீட்டரில் கூட்டத்தோடு பறந்தால், தசையில் சேமித்த கிளைக்கோஜன் சீக்கிரம் கரையும். கடைசியில் கால் கனக்கும். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும், உடல் குளிராது. தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் வேகமாகத் துடிக்கும். ஆகவே, பழைய நேரத்தை முறியடிக்கக் குளிர்ந்த விடியற்காலையே தோது.