ஓர் ஆள், ஒரு பொம்மை

கலைப் பொம்மை என்று சொன்னதும், "அச்சில் வார்க்காமல் கையால் செய்தது, அவ்வளவுதானே?" என்று கேட்பார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்கு ஜப்பான்வரை போய்வர வேண்டும். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

அங்கே மார்ச் 3ஆம் தேதி ஹினா விழா. பெண் குழந்தை உள்ள வீடுகளில் சிவப்புத் துணி விரித்த படிகளில் பேரரசரும் பேரரசியும் பரிவாரமும் அமர்ந்திருப்பார்கள். கொலு வைக்கும் நமக்கு அதை விளக்கவே வேண்டாம். அந்தப் பொம்மைகள் பல கை மாறி வருபவை. தலை செய்பவர் ஒருவர், கைகால் செய்பவர் இன்னொருவர், உடை உடுத்துபவர் வேறொருவர். ஒவ்வொருவரும் தம் வேலையில் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் முகம் வரைந்தவர் என்ன நினைத்தார் என்பது விரலை வடித்தவருக்குத் தெரியாது.

1920களிலும் 30களிலும் சிலர் இந்த முறையிலிருந்து விலகினார்கள். உருவம் மனத்தில் தோன்றுவதிலிருந்து உடையின் கடைசி மடிப்புவரை ஒரே ஆள். 1936இல் அரசு நடத்திய நுண்கலைக் கண்காட்சி பொம்மைகளை ஏற்றுக்கொண்டது. 1955இல் ஹிராத்தா கோயோ என்ற கலைஞருக்கும் ஹோரி ர்யூஜோ என்ற பெண் கலைஞருக்கும், 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று மக்கள் சொல்லும் அரசு அங்கீகாரம் கிடைத்தது.

செய்முறைக்கு வருவோம். உடலுக்குக் கிரி என்ற மரம். கனமில்லாதது, எளிதில் முறுக்கிக்கொள்ளாதது. அதைச் செதுக்குவார்கள், இல்லையென்றால் அதன் தூளைக் கோதுமைப் பசையில் பிசைந்து உருவாக்குவார்கள். இதற்கு அச்சு வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதனால்தான் அச்சு இல்லை என்பதை மட்டும் அளவுகோலாக வைக்க முடியாது.

காய்ந்த உருவத்துக்குக் கோஃபுன் பூசுவார்கள். சிப்பி ஓடுகளை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடக்கவிட்டு அரைத்தெடுக்கும் வெண்பொடி அது. தோலைக் காய்ச்சி எடுத்த பசையில் அதைக் குழைப்பார்கள். பசையைக் கொதிக்கவும் விடக்கூடாது, குளிரவும் விடக்கூடாது. அடிப்பூச்சில் பசை அதிகம் இருக்க வேண்டும்; மேலே போகப் போகக் குறைய வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் மேல்பூச்சு காயும்போது இறுகி, சுவரிலிருந்து காரை பெயர்வதுபோல் அடிப்பூச்சையும் பெயர்த்துக்கொண்டு வரும். ஒரு பூச்சு காயும்வரை அடுத்ததைத் தொடக்கூடாது. அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது.

கண்ணாடிக் கண்களை முன்னதாகவே பதித்துவிடுவார்கள். பூச்சு அவற்றையும் சேர்த்து மூடிவிடும். மூக்கும் உதடும் கெட்டிக் கோஃபுனைச் சிறிது சிறிதாக வைத்து எழுப்பியவை. எல்லாம் முடிந்தபின் கூரிய கத்தியால் இமைக்கோட்டைக் கீறிக் கண்ணைத் திறப்பார்கள். மயிரிழை மேலே போனால் முகம் வியக்கும். கீழே இறங்கினால் தூக்கம் தட்டும். ஒரு பொம்மை தனக்கென்று ஒரு முகம் பெறுவது இந்தக் கீறலில்தான் என்பேன். அச்சு ஒன்றே ஆனாலும் இந்தக் கோடு இரண்டாம் முறை அப்படியே வராது.

உடையில் ஒரு முறையை மட்டும் சொல்கிறேன். மரவுடலில் மெல்லிய பள்ளம் கீறி, துணியின் ஓரத்தை அதற்குள் செருகிவிடுவார்கள். துணி உடலோடு ஒட்டி நிற்கும். இனிப் பாணி. முன்பு சொன்ன கோயோ இளமையில், உயிருள்ள மனிதரோ என்று மயங்க வைக்கும் பொம்மைகள் செய்தவர். தந்தையிடம் கற்ற வித்தை அது. பிற்காலத்தில் நுணுக்கங்களைக் குறைத்து எளிய உருவங்களுக்கு வந்தார். எனக்கு அந்தப் பிற்காலத்துக் கோயோவைத்தான் பிடிக்கும்.

ககோஷிமா ஜுசோ வேறு வழி கண்டார். காகிதக் கூழில் உருவம் செய்து, மேலே வண்ணக் காகிதம் ஒட்டி முடித்தார். 1961இல் அவருக்கும் அதே அங்கீகாரம் கிடைத்தது. அவர் கவிஞரும்கூட.

உங்களுக்கும் செய்து பார்க்க ஆசையா? பொருள் எதுவாகவும் இருக்கட்டும்: பழைய துணி, காகிதக் கூழ், களிமண். ஆனால் தலையையும் கையையும் கடையில் வாங்கிப் பொருத்தாதீர்கள். வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உயரத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள், "இதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா?" என்று கேட்காதீர்கள்.