வேங்கைக் கோப்பை

மரக் கோப்பையில் இரவு ஊற்றி வைத்த தண்ணீர், விடியும்போது நிறம் மாறியிருக்குமா நேயர்களே?

மாறியிருக்கும். ஆனால் அந்தக் கோப்பை வேங்கை மரமாக இருக்க வேண்டும்.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை தாண்டி பிபிலைப் பக்கம் இறங்கினால், தேயிலை மலை முடிந்து புல்வெளிக் காடு விரியும். அங்கேதான் நில்கலைக் காடு. கடுக்காய், தான்றி, நெல்லி மரங்களுக்கு நடுவே வேங்கையும் நிற்கும். சிங்களத்தில் அதற்குக் கம்மாலு என்று பெயர்.

பலகையை வளையம் வளையமாக வாளால் அறுத்து, ஒட்டிக் குவளை செய்கிறவர்கள் உண்டு. வேங்கைக் கோப்பை அப்படியல்ல, ஒரே கட்டையைக் கடைந்து குடைந்தது. ஊற்றிய தண்ணீரில் மரத்தின் சாறு ஊறி இறங்கும். விடிந்து பார்த்தால் சாயத் தண்ணி மாதிரி பொன் பழுப்பு! வெயிலில் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், ஓரத்தில் நீலம் மினுங்கும். அத்தனை அழகு.

சர்க்கரை வியாதிக்கு இந்தத் தண்ணீரைக் குடிப்பது நாட்டு வைத்திய வழக்கம். அதற்காக டொக்டர் தந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நாளாக நாளாக சாறு இறங்குவது குறைந்து, தண்ணீரும் வெளுத்துவிடும். பிறகு அது தண்ணீர் குடிக்க ஒரு நல்ல மரக் கோப்பை.