பழைய இசைத்தட்டுக்கு ஏற்ற பிளேயர் எது?

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் பழைய இசைத்தட்டுகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆசையாக நாலு தட்டு வாங்குகிறவர்கள், அடுத்து விலை குறைந்த பிளேயரைத் தேடுகிறார்கள். கவனம் வேண்டியது அங்கேதான்.

முதலில் கையில் உள்ள தட்டுகளைப் பார்க்க வேண்டும். 1948-ல் அமெரிக்காவில் அறிமுகமான எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும். சிறிய தட்டுக்கு 45 சுற்று. பாட்டனார் காலத்து அரக்குத் தட்டுக்கு 78. பிளேயர்கள் பலவற்றில் 78 கிடையாது. இருந்தாலும் அந்தத் தட்டின் தடம் அகலமானது. அதற்கென்று தனி முள் வேண்டும். எல்.பி. முள்ளைப் போட்டால் இரைச்சல்தான் மிஞ்சும்.

அடுத்தது முள்ளின் பாரம். பெட்டி வடிவ மலிவுப் பிளேயர்கள் பலவற்றில் சுமார் 5 கிராம் பாரம் தட்டின்மேல் இறங்குகிறது. நல்ல காந்த கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். பாரம் கூடினால் தடம் சீக்கிரம் தேயும். தேய்ந்ததைச் சரிசெய்ய வழியில்லை. மறுபடி வெளிவராத கச்சேரித் தட்டு என்றால் நஷ்டம் பெரிது.

ஆகவே பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் எடைத் திருகும், கழற்றி மாற்றக்கூடிய முள்ளும் உள்ள பிளேயரே நல்லது. காந்த கார்ட்ரிட்ஜின் ஒலி மிக மெல்லியது. ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருந்தால் தனிச் செலவு மிச்சம்.

பழைய பிளேயர் வாங்குவோர், அதற்குப் புது முள் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே விலை பேசலாம்.