உலோகத் துருத்தி: ஓரடுக்கும் பல்லடுக்கும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரையில் குருக்கள்மடம் அமைந்துள்ளது. ஒருபுறம் உவர்நீர் வாவி, மறுபுறம் உப்புக்காற்று வீசும் கடல். இங்கே வேலிக் கம்பியும் துவிச்சக்கர வண்டியும் விரைவிலே துருவேறும். ஆதலின், தடித்த உலோகமே நெடுநாள் உழைக்கும் என்பது இக்கரை மக்கள் பட்டறிந்த உண்மை. ஆயினும், தடிப்பான ஒரு தகட்டினும் மெல்லிய பல தகடுகள் மேலாக உழைக்கும் ஓர் உறுப்பும் உண்டு. அதுவே உலோகத் துருத்தியாகும்.

கொல்லர் பட்டடையிலுள்ள தோல் துருத்தியை யாவரும் அறிவர். உலோகத் துருத்தியும் அதுபோல மடிப்புகள் கொண்டதே. எனினும் அதன் தொழில் காற்றூதுவதன்று. 10 மீற்றர் நீளமான எஃகுக் குழாய், வெப்பம் 100 பாகை செல்சியசு உயருங்கால் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீளும். இரு முனைகளும் இறுகக் கட்டப்பட்டிருப்பின் குழாய் வளையும், அல்லது இணைப்பு முறியும். அவ்வாறு நேராவண்ணம் இடையிலே பொருத்தப்படும் நெளிந்த மெல்லுலோகக் குழலே உலோகத் துருத்தி. நீராவி ஆலைகளிலும் கப்பல் இயந்திரங்களிலும் இது பயன்படுகிறது.

இத்துருத்திக்கு இரு கடமைகள் உள. அழுத்தத்தைத் தாங்க வேண்டும். எளிதில் வளையவும் வேண்டும். முன்னதற்குத் தடிப்பு வேண்டும்; பின்னதற்கு மென்மை வேண்டும். இம்முரணைத் தீர்ப்பது எங்ஙனம்?

ஒரு தடித்த அட்டையை வளைத்துப் பார்க்க. அது மடங்க மறுக்கும். அதே தடிப்புள்ள தாள்க்கட்டை வளைத்துப் பார்க்க. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இலகுவாக வளையும். உலோகத்திற்கும் இதே விதிதான். தகட்டின் விறைப்பு, தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே 1 மில்லிமீற்றர் தகட்டுக்குப் பதிலாக அரை மில்லிமீற்றர்த் தகடுகள் இரண்டை வைத்தால் விறைப்பு நான்கிலொன்றாகும். கால் மில்லிமீற்றர்த் தகடுகள் நான்காயின் பதினாறிலொன்றாகும். மொத்த உலோகமோ குறையவில்லை. வளையும்போது ஒவ்வோர் அடுக்கிலும் எழும் தகைப்பு தணிவதால், ஓயாது அசைந்து களைத்து வெடிக்கும் உலோகச் சோர்வும் பிந்தியே வரும்.

அங்ஙனமாயின் ஓரடுக்குத் துருத்தி பயனற்றதோ? அன்று. மெல்லிய தகட்டை உப்பு அரித்துத் துளைக்க நெடுநாள் வேண்டுவதில்லை. துருவேறா எஃகும் உப்பிலுள்ள குளோரைட்டினால் குழிபடும். அடுக்குகளிடையே சிக்கிய ஈரம் சூடேறினால் ஆவியாகித் தகட்டைப் புடைக்கச் செய்யும். மேலும், விறைப்புக் குறைந்த துருத்தி உள்ளழுத்தத்தால் பாம்புபோல் பக்கவாட்டில் நெளியவுங்கூடும். அசைவு குறைந்து, அரிப்பும் உராய்வும் மிகுந்த இடத்தில் ஓரடுக்கே பொருத்தமாகும். அசைவு மிகுந்து, உப்புக்காற்றும் வீசுமிடத்தில், வெளியடுக்கை மட்டும் நிக்கல் மிகுந்த கலப்புலோகத்தால் அமைப்பதுண்டு. தனித்தனியே முழு அழுத்தத்தையும் தாங்கவல்ல ஈரடுக்குகளை அமைத்து, அவற்றிடையே கசிவறியும் கருவி பொருத்தினால், உள்ளடுக்கு வெடித்ததும் எச்சரிக்கை கிடைக்கும். வெளியடுக்கு அதுவரை காக்கும்.

எவ்வடுக்காயினும் துருத்தி, குழாயைச் சுமக்கும் தூண் அன்று என்பதை மறத்தலாகாது. 1974 ஜூன் 1இல் இங்கிலாந்தின் பிளிக்ஸ்பரோ இரசாயன ஆலையில், இரு துருத்திகளின் இடையே தற்காலிகமாகப் பொருத்திய குழாய் தக்க தாங்கலின்றி இருந்தது. அது சிதைய, வெளிப்பட்ட ஆவி தீப்பற்றி வெடித்தது. 28 பேர் மாண்டனர்.

ஆகவே ஓரடுக்கா பல்லடுக்கா என்று வினவுமுன், அத்துருத்தியை அழிக்க வரும் பகை அசைவா, அழுத்தமா, உப்பா என்று வினவுதல் வேண்டும். பகையை அறிந்த பின்னரே தடிப்பை அளத்தல் தகும்.