கையெழுத்து போட வேண்டியவர் நோயாளி

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மண்டலப் புற்றுநோய் மையங்களிலும் கீமோ எழுதித் தரும் மருத்துவரே புதிய மருந்தின் சோதனைக்கும் பொறுப்பாளராக இருப்பதுண்டு. அதில் தவறில்லை. தனக்கு ஏறுவது வழக்கமான மருந்தா, சோதனை மருந்தா என்று நோயாளிக்கே தெரியாமல் போவதுதான் தவறு. 1999-2000இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப் புற்றுநோயாளிகள் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரின் சோதனை மருந்தை ஊசியில் செலுத்தினார்கள். விலங்குகளிடம் போதிய அளவு சோதிக்கவில்லை, தன் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெறவில்லை என்று 2001இல் அந்தப் பல்கலைக்கழகமே சொன்னது. நோயாளிகளிடம் கையெழுத்து வாங்காமல் இல்லை. அது சோதனை மருந்து என்பதைப் படிவம் தெளிவாகச் சொல்லவில்லை.

இன்று 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகள் இருக்கின்றன. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், படிவத்தின் நகலை அவரிடம் தர வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சார்பற்ற சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல், சோதனை மருந்து பலிக்காமல் போனாலும் இழப்பீடு கேட்க இடமிருக்கிறது. இது பலருக்குத் தெரியாது.

ஆனால் இந்த உரிமைகளை முதலில் தட்டிப் பறிப்பது பல நேரம் மருத்துவமனை அல்ல, வீடு. "அப்பாவிடம் கேன்சர் என்று சொல்லாதீர்கள் டாக்டர், கட்டி என்று மட்டும் சொல்லுங்கள்" என்று மகன் கேட்டுக்கொள்கிறார். படிவத்திலும் அவரே கையெழுத்துப் போட முன்வருகிறார். அன்பில்தான் செய்கிறார், மறுக்கவில்லை. ஆனால் நோயின் பெயரே தெரியாதவரிடம் மருந்தின் ஆபத்தை எப்படி விளக்குவது? சிறார், நினைவிழந்தவர் போன்று ஒப்புதல் தர இயலாதவர்களுக்குத்தான் சட்டம் வேறொருவர் கையெழுத்தை ஏற்கிறது. நல்ல நினைவோடு எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அது பொருந்தாது.

இவ்வளவும் சொன்னால் நோயாளிகள் மிரண்டு ஓடிவிடுவார்கள், ஆராய்ச்சி முடங்கும் என்பார்கள். ஆராய்ச்சி தேவைதான். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிவோலுமாப் மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனை. ஓராண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் சுமார் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்ததாக 2022இல் வெளியான முடிவு சொன்னது. பல லட்சம் செலவாகும் மருந்தை ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவர இத்தகைய சோதனைதான் வழி. இதற்கு ஆள் வேண்டுமானால் நம்பிக்கை வேண்டும். மறைத்து நடத்திய ஒரு சோதனை அம்பலமானால், ஒழுங்காக நடக்கும் பத்துச் சோதனைகளுக்கும் ஆள் கிடைக்காது.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். மருந்துச் சோதனைகளின் தேசியப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன, இதில் சேராவிட்டால் என்ன சிகிச்சை, பாதிப்பு வந்தால் யாரை அழைப்பது என்று கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கும், அங்கும் பலிக்காவிட்டால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் எழுதுங்கள். அதற்கு முன், நோய் என்னவென்று நோயாளியிடம் சொல்லிவிடுங்கள்.